துணைக்குப் போனவள்

கல்லூரிப் பெண்கள் அணி ஒன்று வெளியூருக்குப் போட்டிக்குப் போவதென்றால் கூடவே ஒரு பெண் ஆசிரியர் போயாக வேண்டும். உடற்கல்வி இயக்குநர் ஆணாக இருந்துவிட்டால் அந்தப் பெண் ஆசிரியரைத் தேடிப் பிடிப்பது ஒவ்வோர் ஆண்டும் ஒரு தனி வேலை. கைக்குழந்தைக்காரரை அனுப்ப முடியாது. மாமியார் படுக்கையில் இருப்பவரை அனுப்ப முடியாது. அறிவியல் துறைக்காரர்களுக்கு ஆய்வகம் இருக்கும். ஆங்கிலத் துறைக்கு எல்லா வகுப்பிலும் பாடம் இருக்கும். மிஞ்சுவது தமிழ்த்துறை. தமிழ்த்துறையில் மிஞ்சியவள் நான். இராஜபாளையம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் செய்யுள் நடத்திக்கொண்டிருந்தவள் தடகள மைதானத்துக்குப் போனது இப்படித்தான்.

முதல்வர் கையெழுத்திட்ட ஆணையில் பி.டி. சார் பெயருக்கு எதிரே 'அணி மேலாளர்' என்றும் என் பெயருக்கு எதிரே 'துணை' என்றும் இருந்தது. ஒன்பது பிள்ளைகள். ஒன்பது பெற்றோர் ஒப்புதல் கடிதங்கள். என் பையில் நாப்கின் பாக்கெட்டுகள், குளுக்கோஸ், எலுமிச்சம்பழம், ஊக்குகள், ஆதார் நகல்கள். போட்டி நடந்த நாலு நாளும் நான் செய்ய வேண்டியது, இரவில் கதவைத் தாழிட்டிருக்கிறார்களா என்று பார்ப்பது. மற்றதெல்லாம் சார் பார்த்துக்கொள்வார்.

அந்த 'துணை' என்ற சொல்லைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் சிரிப்பும் அதைவிடக் கூடுதலாக வலியும் வந்தது. அதற்கு முப்பது வருடத்துக் காரணம் இருந்தது.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்தவள். ஊருக்கு நடுவே கோயில், கோயிலைச் சுற்றித் தேரோடும் நான்கு ரதவீதிகள். ஆடிப்பூரத்துக்கு ஆண்டாளின் தேர் அந்த நான்கு வீதிகளையும் சுற்றி வரும். மற்ற நாட்களின் விடியற்காலையில் நான் சுற்றி வந்தேன். எட்டாம் வகுப்பு படிக்கும்போது பள்ளியில் 800 மீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வந்தேன். எங்கள் பி.டி. டீச்சர், கண்ணாடி போட்ட, சைக்கிளில் வருகிற ஒல்லியான பெண், "தினமும் காலைல ரதவீதியை ரெண்டு சுத்து சுத்து, போதும்" என்றார். பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினேன். பால்காரரும் கோலம் போடும் பெண்களும் பார்ப்பார்கள். யாரும் ஒன்றும் சொன்னதில்லை. அந்த வருடம் மண்டலப் போட்டியில் இரண்டாவதாக வந்தேன். மாவட்டப் போட்டிக்குத் தேர்வானேன்.

மாவட்டப் போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது பெரியவளானேன். சடங்கு முடிந்து பள்ளிக்குப் போன அன்றே அப்பத்தா சொல்லிவிட்டார், "ஓட்டமெல்லாம் போதும்." டீச்சர் வீட்டுக்கு வந்தார். திண்ணையில் உட்கார்ந்து அம்மா கொடுத்த காப்பியைக் குடித்தார். அப்பா கெட்டவர் இல்லை. தாலுகா ஆபீஸ் கிளார்க், மகள் படிக்க வேண்டும் என்று நினைத்தவர். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "துணைக்கு யார் போவா?"

டீச்சருக்கு அப்போது கைக்குழந்தை. அம்மா தனியாக வெளியூர் போய்ப் பழக்கமில்லாதவர். அத்தைக்கு முழங்கால் வலி. பட்டியல் முடிந்துபோனது. என் ஓட்டத்தை யாரும் தடைசெய்யவில்லை. துணைக்கு ஆள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். ஒரு பெண்ணின் திறமையை நிறுத்துவதற்கு நம் வீடுகளில் வன்முறை தேவைப்படுவதில்லை. பதில் சொல்ல முடியாத ஒரு நியாயமான கேள்வி போதும்.

இப்போது அரசாங்க முத்திரையோடு நானே துணை.

*

அந்த ஒன்பது பேரில் ஒருத்தியைப் பற்றித்தான் எழுத வந்தேன். அவள் பெயரை எழுதப் போவதில்லை. பேண்டேஜ் துணி நெய்யும் சத்திரப்பட்டிப் பக்கத்து ஊர்க்காரி. அப்பா இல்லை. அம்மா நூற்பாலையில் வேலை. பகல், அரைநைட், முழுநைட் என்று வாரம் மாறி மாறி ஷிப்ட். விளையாட்டு ஒதுக்கீட்டில் பி.ஏ. தமிழ் சேர்ந்தவள். வகுப்பில் கடைசி வரிசை. தலை கவிழ்ந்தே இருக்கும். தூக்கத்தில் என்று நினைத்து இரண்டு முறை எழுப்பி நிற்க வைத்திருக்கிறேன். காலை ஐந்தரைக்கு மைதானத்தில் ஓட ஆரம்பிப்பவள் பத்தரை மணிக்குத் தூங்காமல் என்ன செய்வாள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

துணைக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் அவள் ஓடுவதைப் பார்த்தேன். 800 மீட்டர் என்பது 400 மீட்டர் தடத்தில் இரண்டு சுற்று. முதல் வளைவு முடியும்வரை அவரவர் கோட்டுக்குள் ஓட வேண்டும். அதன்பின் எல்லாரும் உள்கோட்டுக்கு வந்துவிடலாம். அந்த இடத்தில் முழங்கை இடிபடும், கால் சிக்கும். முதல் சுற்றில் வேகமாகப் போனவர்கள் இரண்டாம் சுற்றின் கடைசி 200 மீட்டரில் காலில் ஈயம் ஊற்றியதுபோல் ஆகிவிடுவார்கள். இவள் முதல் சுற்றில் நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ ஒட்டிக்கொண்டு வந்து, எல்லாரும் தளரும் இடத்தில் தளராமல் இருப்பாள். வேகத்தைக் கூட்டுவதுபோல் நமக்குத் தோன்றும். உண்மையில் மற்றவர்கள் குறைகிறார்கள், இவள் குறைவதில்லை என்று சார் விளக்கினார். வகுப்பில் கடைசி வரிசையில் இருப்பவள் இங்கே நிமிர்ந்து நின்றாள். நல்ல உயரம். தட்டையான மார்பு, அகன்ற தோள், கழுத்தில் நரம்பு. முடியைக் கட்டையாக வெட்டியிருந்தாள்.

எங்கள் சார் நல்ல பயிற்சியாளர். நாற்பது வயதுக்காரர், வாயைத் திறந்து ஒரு பிள்ளையையும் திட்டாதவர். ஆனால் மாதவிடாய் பற்றி எந்தப் பிள்ளையிடமும் கேட்டதில்லை. கேட்கவும் முடியாது என்று நினைத்தார். "அதெல்லாம் நீங்க பாத்துக்குங்க மேடம்" என்பார். அதையும் கதவுத் தாழ்ப்பாள் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி ஒன்றுக்காகப் போயிருந்தோம். முதல் நாள் தகுதிச் சுற்றில் அவள் எளிதாக வந்துவிட்டாள். தடத்தை விட்டு வெளியே வரும்போது வேறொரு அணியோடு வந்த பெண்மணி என் பக்கத்தில் நின்று, என் காதில் விழும்படி, "அது பொண்ணுதானா?" என்றார். அவரும் என்னைப்போலவே துணைக்கு வந்தவர். பின்பு அதையே சிரித்துக்கொண்டு என்னிடமே கேட்டார். எழுத்தில் புகார் கொடுக்கலாமா என்று அவர்கள் அணிக்குள் பேச்சு நடப்பதாகச் சாயங்காலம் ஒரு பிள்ளை வந்து சொன்னாள்.

அன்று இரவு நான் செய்ததை இதுவரை எங்கும் எழுதியதில்லை.

அவளைத் தனியாக அறைக்குக் கூப்பிட்டேன். "சாப்பிட்டியா" என்று ஆரம்பித்து, "உனக்கு மாசாமாசம் சரியா வருதா" என்று கேட்டேன். அவள் கொஞ்சம் தயங்கிவிட்டு, "நாலு மாசமா பீரியட்ஸ் வரலம்மா" என்றாள். எங்கள் துறைப் பிள்ளைகள் என்னை 'அம்மா' என்றுதான் அழைப்பார்கள். நாலு மாதமாக மாதவிடாய் நின்றுபோன ஒரு பத்தொன்பது வயதுப் பெண் அம்மா என்று கூப்பிட்டுச் சொல்கிறாள். ஏன் நின்றது, என்ன சாப்பிடுகிறாய், தலை சுற்றுகிறதா என்று நான் கேட்டிருக்க வேண்டும். நான் அவள் கழுத்தைப் பார்த்தேன். தோளைப் பார்த்தேன். மேலுதட்டைப் பார்த்தேன். "இதுக்கு முன்னாடி ஒழுங்கா வந்துச்சா? எந்த வயசுல ஆரம்பிச்சுச்சு?" என்று கேட்டேன்.

அவள் புரிந்துகொண்டாள். எழுந்து போய் என் பையைத் திறந்து, நான் பத்திரமாகக் கொண்டுவந்திருந்த ஆதார் நகல்களில் தன்னுடையதை எடுத்து, கட்டிலில் என் முன்னால் வைத்தாள். "பெண்ணுன்னு போட்டிருக்கும்மா, பாத்துக்கங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. டிக்கெட் பரிசோதகரிடம் சீட்டை நீட்டுவதுபோல் சொன்னாள். இதற்கு முன்பும் பலரிடம் நீட்டியிருக்கிறாள் என்று அந்தக் குரலில் தெரிந்தது.

*

அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சாந்தியின் முகம் வந்துகொண்டே இருந்தது.

சாந்தி சௌந்தரராஜனும் நானும் ஏறத்தாழ ஒரே வயதுக்காரர்கள். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில், செங்கல் சூளையில் உழைத்த தலித் பெற்றோருக்குப் பிறந்தவர் அவர். ஓடக் கற்றுக்கொடுத்தவர் தாத்தா. 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டரை 2 நிமிடம் 3.16 விநாடியில் ஓடி வெள்ளி வென்றார். எனக்குத் துணைக்கு ஆள் கிடைக்காமல் நின்றுபோன அதே 800 மீட்டர். தொலைக்காட்சியில் பார்த்தபோது எனக்கு என் வீட்டுப் பெண் ஓடியதுபோல் இருந்தது. சில நாட்களிலேயே, பாலினச் சோதனையில் அவர் 'தேறவில்லை' என்ற செய்தி வந்தது. பதக்கம் பறிக்கப்பட்டது. அவர் ஊக்கமருந்து எடுத்ததாக யாரும் சொல்லவில்லை. யாரையும் ஏமாற்றியதாகவும் சொல்லவில்லை. பிறந்த உடம்போடு ஓடினார். அதுவே குற்றமாகிவிட்டது. அந்தச் சோதனையின் விவரம், மருத்துவர் அறையின் நான்கு சுவருக்குள் இருந்திருக்க வேண்டியது, தேநீர்க்கடைப் பலகையில் செய்தித்தாளாக விரிந்துகிடந்தது.

அப்போது நான் தற்காலிக விரிவுரையாளர். ஆசிரியர் அறையில் அந்தச் செய்தியை ஒருவர் வாசித்தார். இன்னொருவர் ஒரு நகைச்சுவை சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தற்காலிகப் பணியில் இருப்பவள் மூத்தவர்களின் நகைச்சுவைக்குச் சிரிக்காமல் இருக்க முடியாது என்று பல வருடம் எனக்கு நானே சமாதானம் சொல்லியிருக்கிறேன். அது முழு உண்மையில்லை. எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஆண்டாளின் உடல்மொழியைப் பற்றிக் கருத்தரங்கக் கட்டுரை எழுதியவள் நான். தன் உடலைத் தன் வாயால் பேசிய பெண்ணின் ஊர்க்காரி என்று மேடைகளில் பெருமையாகச் சொல்லிக்கொள்பவள். ஒரு செங்கல் சூளைத் தொழிலாளியின் மகளுடைய உடலை ஊரே பேசியபோது, அவள் வாயால் அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்கத் தோன்றவில்லை.

சாந்தி சாவின் விளிம்புவரை போய் மீண்டார். புதுக்கோட்டையில் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுத்தார். ஒரு கட்டத்தில் மறுபடி செங்கல் சூளைக்கே கூலி வேலைக்குப் போனார். பின்னர் பயிற்சியாளருக்கான பட்டயப்படிப்பு முடித்து, நீண்ட போராட்டத்துக்குப் பிறகு தமிழக அரசின் தடகளப் பயிற்சியாளர் ஆனார். பதக்கம் மட்டும் இன்றுவரை திரும்பவில்லை. விசில் ஊதிக்கொண்டு மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் அந்தப் பெண்ணை நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். தன் உடம்பை நாடு என்ன செய்தது என்று அறிந்த ஒருவர், சிறுமிகளிடம் 'ஓடு' என்று சொல்வதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும்!

*

அந்தப் பயணத்துக்குப் பிறகு நான் தேடிப் படிக்கத் தொடங்கினேன். ஆய்வு செய்து பழகிய கை, அதைத் தவிர வேறு பரிகாரம் எனக்குத் தெரியாது. இளம் வீராங்கனைகளை ஒவ்வொரு நாடும் எப்படி வளர்க்கிறது என்று படித்தேன். பயிற்சி முறைகளைப் பற்றித்தான் படிக்கப் போனேன். பக்கத்துக்குப் பக்கம் பெண்ணுடல் யாருடையது என்ற கேள்விதான் எதிரே வந்தது.

ஒலிம்பிக்கில் 1968 முதல் பெண்களுக்கு மட்டும் குரோமோசோம் சோதனை இருந்தது. தேறியவர்களுக்குப் பெண் என்று ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். ஸ்பெயினின் தடையோட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்த்தினெஸ் பத்தீன்யோ 1983-ல் அந்தச் சான்றிதழை வாங்கியவர். 1985-ல் ஜப்பானின் கோபே நகரில் நடந்த உலகப் பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டிக்குப் போகும்போது அதை எடுத்துப் போக மறந்துவிட்டார். மறுபடி சோதித்தார்கள். எக்ஸ்-ஒய் குரோமோசோம் என்று முடிவு வந்தது. ஆண் ஹார்மோனுக்கு அவர் உடல் எதிர்வினையே காட்டாது என்பதால் அவருக்கு எந்தக் கூடுதல் பலனும் கிடையாது. ஆனாலும் உதவித்தொகை போனது, சாதனைகள் அழிக்கப்பட்டன, காதலன் போனான். மூன்று ஆண்டு போராடி 1988-ல் தகுதியைத் திரும்பப் பெற்றார். ஒரு சான்றிதழை மறந்ததால் உடைந்த வாழ்க்கையைப் படித்தபோது, என் பையிலிருந்து ஆதார் நகலை எடுத்துவைத்த கை நினைவுக்கு வந்தது.

1999-ல் ஒலிம்பிக் கமிட்டி எல்லாப் பெண்களையும் சோதிக்கும் முறையைக் கைவிட்டது. அதன்பின் சந்தேகத்துக்கு உள்ளானவரை மட்டும் சோதிப்பது என்றானது. யார்மேல் சந்தேகம் வரும்? நெஞ்சு தட்டையாக, தோள் அகன்று, குரல் கனத்து இருப்பவள்மேல். எந்த நாட்டு அழகின் அளவுகோலால் அளக்கிறார்களோ அதற்குள் அடங்காதவள்மேல். சாந்தி அப்படித்தான் சிக்கினார். தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமென்யா 2009-ல் சிக்கினார். ஒடிசாவின் நெசவாளர் வீட்டுப் பெண் டூட்டி சந்த் 2014-ல் காமன்வெல்த் போட்டிக்கு முன் நீக்கப்பட்டார். டூட்டி எதிர்த்து வழக்காடினார். 2015-ல் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் அந்த விதியையே நிறுத்திவைத்தது. சாந்திக்குக் கிடைக்காத வழக்கறிஞர்களும் ஆதரவும் ஒன்பது ஆண்டுக்குப் பிறகு டூட்டிக்குக் கிடைத்தன. அந்த இடைவெளியில் ஒரு பெண்ணின் மொத்த ஓட்ட வாழ்க்கையும் அடங்கிவிட்டது.

என்னை உலுக்கியது 2013-ல் வெளியான ஒரு மருத்துவக் கட்டுரை. வளரும் நாடுகளின் கிராமப்புற, மலைப்பகுதிகளைச் சேர்ந்த, 18 முதல் 21 வயதுக்குட்பட்ட நான்கு வீராங்கனைகளுக்குப் பிரான்சில் அறுவை சிகிச்சை செய்யப்பட்டதை அது விவரித்தது. உடலுக்குள் இருந்த விந்துச் சுரப்பிகளை அகற்றினார்கள். அத்துடன் பெண்குறிக் காம்பின் ஒரு பகுதியையும் வெட்டினார்கள். ஓடுவதற்கும் அதற்கும் என்ன தொடர்பு? சுரப்பிகளை விட்டுவைத்தால் உடல்நலத்துக்கு ஆபத்தில்லை என்று கட்டுரையே ஒப்புக்கொள்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உட்கார்ந்து அதைப் படித்தேன். 'கிராமப்புற, மலைப்பகுதி' என்ற சொற்களைத் தாண்ட முடியவில்லை.

இதற்கு நேரெதிராகக் கிழக்கு ஜெர்மனி. அங்கே அரசே திட்டமிட்டுப் பதின்வயதுப் பெண்களுக்கு ஆண் ஹார்மோன் மாத்திரைகளைக் கொடுத்தது. வைட்டமின் என்று சொல்லிப் பயிற்சியாளர்கள் கொடுத்தார்கள். குரல் மாறியது, மயிர் வளர்ந்தது, பின்னாளில் நோய்கள் வந்தன. ஒரு நாட்டில் பெண்ணுடலுக்குள் ஹார்மோனைத் திணித்தார்கள், வேறிடத்தில் கத்தி வைத்து எடுத்தார்கள். இரண்டிலும் அந்தப் பெண்ணுக்கு உண்மை சொல்லப்படவில்லை, அல்லது மறுக்க முடியாத நிலையில் வைத்துச் சொல்லப்பட்டது.

கென்யாவின் இடென் என்ற மலையூரைப் பற்றிப் படித்தபோது முதலில் மகிழ்ச்சியாக இருந்தது. 1976-ல் அங்கே பள்ளி ஆசிரியராக வந்த அயர்லாந்துத் துறவி கோல்ம் ஓ'கானல் புவியியல் நடத்த வந்தவர், தடகளம் அறியாதவர். பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டு உலக சாம்பியன்களை உருவாக்கினார். புவியியல் ஆசிரியரால் முடியுமானால் தமிழாசிரியரால் ஏன் முடியாது என்று நினைத்துக்கொண்டேன். அதே இடெனில்தான் 2021 அக்டோபரில் ஆக்னஸ் டிரோப் தன் வீட்டில் குத்திக் கொல்லப்பட்டுக் கிடந்தார். பெண்கள் மட்டும் ஓடும் 10 கிலோமீட்டர் ஓட்டத்தில் உலக சாதனை படைத்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. வயது 25. கொலைக் குற்றம் சுமத்தப்பட்டவர் அவருடைய கணவர். ஓடும் பெண்ணின் வருமானம், பாஸ்போர்ட், வீடு எல்லாம் 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று வரும் ஆணின் கைக்குப் போய்விடுவது அங்கே பலருடைய கதை என்று சக வீராங்கனைகள் அதன்பின் வெளிப்படையாகப் பேசினார்கள். அவர் பெயரில் ஓர் அமைப்பும் தொடங்கினார்கள்.

நம் நாடும் பின்தங்கவில்லை. 2021-ல் சென்னையில் ஒரு தடகளப் பயிற்சியாளர், தன்னிடம் பயின்ற பெண்களின் பாலியல் புகாரில் கைதானார். 2023-ல் வினேஷ் போகத்தும் சாக்‌ஷி மாலிக்கும் டெல்லி ஜந்தர் மந்தரில் தெருவில் உட்கார்ந்தார்கள். உலகப் பதக்கம் வென்ற கழுத்துகளையே நம்ப இத்தனை நாள் ஆகுமென்றால், மண்டலப் போட்டியில் ஓடும் பிள்ளை யாரிடம் போய்ச் சொல்வாள்?

நார்வேயில் வேறொரு வழி இருக்கிறது. அந்த நாட்டு விளையாட்டுக் கூட்டமைப்பு குழந்தைகளுக்கென்று உரிமைகளை எழுதிவைத்திருக்கிறது. 11 வயதுக்கு முன் தரவரிசைப் பட்டியல் கூடாது. 13 வயதுக்கு முன் தேசிய சாம்பியன் போட்டி கூடாது. எதில், எவ்வளவு பயிற்சி எடுப்பது என்பதில் குழந்தையின் விருப்பத்துக்கு இடம் உண்டு. இப்படிப் 'பொறுப்பில்லாமல்' வளர்க்கும் ஐம்பத்தைந்து லட்சம் பேர் கொண்ட நாடுதான் குளிர்கால ஒலிம்பிக்கில் பதக்கங்களை அள்ளுகிறது.

*

அன்றைய போட்டிக்குத் திரும்புகிறேன். புகார் எழுத்தில் வரவில்லை. மறுநாள் காலை மற்றப் பிள்ளைகளோடு அவளும் சாப்பிட வந்தாள். என்னைப் பார்த்து வழக்கம்போல் 'வணக்கம்மா' என்றாள். இறுதிப் போட்டியில் ஆறாவதாக வந்தாள். கடைசி வளைவில் அவள் தளர்வதை முதன்முறையாகப் பார்த்தேன். நான்தான் காரணம் என்று நினைத்தேன். சார், "நேத்துல இருந்தே சோர்வாத்தான் இருந்தா மேடம்" என்றார். இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

ஊர் திரும்பியதும் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். பெண் மருத்துவர் என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அவளிடம் பேசினார். பிறகு அவள் சம்மதத்தோடு என்னையும் கூப்பிட்டார். ஹீமோகுளோபின் 8.2. "இவ ஓடுற ஓட்டத்துக்கு இவ சாப்பாடு பத்தாது. உடம்பு எதையாவது நிறுத்தணும், இதை நிறுத்தியிருக்கு" என்றார். பயிற்சிக்கு ஈடாக உணவு இல்லாதபோது மாதவிடாய் நிற்பது, எலும்பு பலவீனமாவது எல்லாம் உலகெங்கும் வீராங்கனைகளுக்கு வருவது என்றும், பல பயிற்சியாளர்கள் அதைத் 'தேறிவிட்டாள்' என்பதன் அறிகுறியாகவே நினைத்துக்கொள்கிறார்கள் என்றும் விளக்கினார்.

அம்மாவுக்கு முழுநைட் வாரமென்றால் காலையில் உலை வைக்க ஆளில்லை. ஓடி முடித்து, ஒரு டீயும் வடையும். மதியம் டப்பாவில் பழைய சோறு. ராத்திரிதான் சாப்பாடு. நான் அவள் கழுத்திலும் தோளிலும் எதைத் தேடினேனோ அது பசி.

அதன்பின் செய்தவை சின்னச் சின்ன வேலைகள். துறையில் ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு, ஓடும் பிள்ளைகளுக்குக் காலையில் இரண்டு அவித்த முட்டை, வேர்க்கடலை, வாழைப்பழம் ஏற்பாடு செய்தோம். சாரிடம் உட்கார்ந்து பேசினேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். அடுத்த மாதம் பயிற்சிக் குறிப்பேட்டில் ஒரு புதிய பத்தி போட்டு, பிள்ளைகளே விரும்பினால் குறித்துக்கொள்ளலாம் என்றார். மூன்றாம் மாதம் அவள் வராண்டாவில் என்னைக் கடந்து போகும்போது, "வந்துருச்சும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

மன்னிப்புக் கேட்டேனா என்றால், கேட்டேன். அவள் படிப்பு முடிக்கும் வருடத்தில், மிகவும் தாமதமாக. "அதுக்கென்னம்மா, நீங்க கேட்டதோட விட்டீங்க. ஸ்கூல்ல ஒரு தடவை பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க" என்றாள். என் மன்னிப்புக்கு அவள் தந்த பதில் என்னை விடுவிக்கவில்லை. விடுவிக்க வேண்டிய கடமையும் அவளுக்கு இல்லை.

அவள் சாம்பியன் ஆகவில்லை. பி.பி.எட். முடித்து இப்போது ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர். விடிகாலையில் பத்துப் பன்னிரண்டு பெண்பிள்ளைகள் அவளிடம் ஓடுகிறார்கள். பெற்றோர் தயங்கினால் வீட்டுக்கே போய், "துணைக்கு நான் வர்றேன்" என்கிறாளாம்.

சில மாதங்களுக்கு முன் போன் செய்தாள். 2025 செப்டம்பரிலிருந்து உலக தடகள அமைப்பு, உலகத் தரப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓட வருகிற எல்லோருக்கும் மரபணுச் சோதனையைக் கட்டாயமாக்கியதைப் படித்திருந்தாள். கன்னத்தின் உட்பக்கத்தில் பஞ்சால் ஒரு தடவு, அவ்வளவுதான், வாழ்நாளில் ஒருமுறை. 1999-ல் கைவிட்டது வேறு உருவில் திரும்பி வந்துவிட்டது. எல்லோருக்கும் பொதுவாகச் சோதிப்பதால் யார்மேலும் தனியாகச் சந்தேகம் விழாது என்கிறார்கள். அந்தப் பஞ்சு சொல்லும் பதிலோடு ஒருத்தி ஊருக்குத் திரும்பி வரும்போது பேருந்து நிலையத்தில் யார் நிற்பார்கள் என்று அவர்கள் சொல்வதில்லை.

"அம்மா, எங்கிட்ட பதிமூணு வயசுல ஒருத்தி இருக்கா. என்னை மாதிரியே இருப்பா. என்னைவிட நல்லா ஓடுவா. அவளை அவ்வளவு தூரம் நான் கூட்டிட்டுப் போகலாமா, வேண்டாமாம்மா?"

உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஓடாதே என்று சொன்னால் நான் என் அப்பத்தா. ஒன்றும் ஆகாது ஓடு என்று சொன்னால் பொய். கடைசியில், "வேற யாரும் அவகிட்ட சொல்றதுக்கு முன்னாடி நாம சொல்லிரலாம்" என்றேன். என்ன சோதனை, எதற்காக, யார் கேட்கலாம், எதற்கு அவள் மாட்டேன் என்று சொல்லலாம், முடிவு யாருக்கெல்லாம் தெரியக் கூடாது, என்ன வந்தாலும் அவள் யார் என்பது அதனால் மாறாது. எல்லாவற்றையும் அவளுக்குப் புரியும் தமிழில், அவள் அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. சாந்திக்கு யாரும் அதைச் செய்யவில்லை. ஓடுவதா வேண்டாமா என்பதை அதன்பின் அந்தப் பிள்ளை சொல்லட்டும்.

"அப்ப நீங்களும் வாங்கம்மா" என்றாள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் போகிறேன்.